ஏகாம்பரம் மாமாவோட பனி

நானும் குடியாத்தம்தான் சார். அங்க இறங்கி டவுன் பஸ் புடிச்சு இன்னும் ஆறு கிலோமீட்டர் போகணும். சாவுக்குப் போறேன். புதுச் சாவு இல்ல. செத்து ஆறு வருஷம் ஆச்சு. இன்னிக்கு சாயந்திரம்தான் எடுக்கறாங்க.

அப்படிப் பார்க்காதீங்க, சொல்றேன். மிலிட்டரியில இருந்தவரு. ஹவில்தார் ஏகாம்பரம். எங்க பெரியப்பா பொண்ணு பூங்கொடி அக்காவோட வீட்டுக்காரர், எனக்கு மாமா. வடக்க, மலை உச்சியில ஒரு காவல் போஸ்ட்டுல இருந்தப்போ பனி சரிஞ்சு மூடிடுச்சு. கூட இருந்த நாலு பேரை எடுத்துட்டாங்க. இவரு மட்டும் கிடைக்கல. இருபது நாள் தேடினாங்களாம். அப்புறம் ஒரு டிரங்குப் பெட்டியில சட்டை, பெல்ட், ஷேவிங் செட்டு எல்லாம் அனுப்பி வெச்சாங்க. போட்டோவை வெச்சுத்தான் காரியம் பண்ணினோம். இப்ப பனி உருகி, ஆளு கிடைச்சிருக்காரு. பிளேன்ல கொண்டாந்து, வண்டியில ஊருக்குக் கொண்டு வர்றாங்க.

வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நான் இப்படி உக்காந்திருக்கறது அதுக்காக இல்ல. எனக்கு அந்த வீட்டு வாசல்ல நிக்க மூஞ்சி இல்ல சார். அதைத்தான் ரொம்ப நேரமா யோசிச்சுட்டு வர்றேன்.

எனக்கு சினிமா கிராபிக்ஸ்ல வேலை. சாலிகிராமத்துல ஒரு சின்ன கம்பெனி. நான் பண்றது இடங்கள். மலை, காடு, கடல், இடிஞ்ச கோட்டை, இல்லாத ஊரு. ஆளுங்கள பச்சைத் துணிக்கு முன்னால நிக்க வெச்சு எடுத்துட்டு வருவாங்க. பின்னால உலகத்தை நாங்க வைப்போம். பேரு குபேந்திரன். பேரு வேணாம், விடுங்க.

நான் இந்த வேலைக்கு வந்ததே மாமாவால. பிளஸ் டூ முடிச்சுட்டு சும்மா இருந்தேன். லீவுல வந்தவரு, மிலிட்டரி கேன்டீன்ல சொல்லி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தாரு. எங்க தெருவுல முதல் கம்ப்யூட்டர். "இதுல என்னடா பண்ணுவே"ன்னாரு. படம் வரைவேன் மாமான்னேன். "வரை, வரை. எங்க போஸ்ட்டு ஒரு நாளைக்கு வரைஞ்சு காட்டு"ன்னு சிரிச்சாரு. அவ்ளோதான். அதுக்கப்புறம் நான் ஒரு தடவையும் வரைஞ்சு காட்டல. அவரும் கேக்கல.

இதுல ஒண்ணு சொல்லணும். கம்ப்யூட்டர்ல பனி பண்றது ரொம்பக் கஷ்டம் சார். வெள்ளையா இருக்கு, வெள்ளையைப் பூசிட்டா ஆச்சுன்னு நெனப்பாங்க. பனி வெள்ளையே கிடையாது. வெளிச்சம் அதுமேல பட்டுத் திரும்பாது, உள்ள கொஞ்ச தூரம் போயிட்டுத்தான் வெளிய வரும். நிழல்ல நீலம் அடிக்கும். வெயில்ல அங்கங்க மினுக்கும், ஆனா எல்லா இடத்துலயும் மினுக்குனா ஜிகினா தூவின மாதிரி ஆயிடும். நான் பனியைப் பார்த்ததே இல்ல. ஃப்ரிட்ஜுல ஐஸ் பெட்டியைத் தொறந்து வெச்சுட்டுப் பார்ப்பேன். மரக்காணம் போயி உப்பளத்தைப் பார்த்துட்டு வந்தேன். என்ன பண்ணியும் சோப்பு நுரை மாதிரியேதான் வந்துச்சு. எங்க ஓனர் ஆல்பர்ட் சார் பார்த்துட்டு, "யாரோ துணி தொவைச்சுட்டுப் போயிருக்காங்க போல"ம்பாரு.

மாமா போயி ஒரு வருஷம் கழிச்சு அக்கா போன் பண்ணுச்சு.

"குபேந்தி, நீ மலையெல்லாம் கம்ப்யூட்டர்ல செய்வியாமே."

"ஆமாக்கா."

"அவரு இருந்த எடத்தைச் செஞ்சு காட்டுவியா? அங்க போட்டோ புடிக்க விட மாட்டாங்களாம். என்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஆனா எல்லாத்தையும் போன்ல சொல்லியிருக்காரு. நான் சொல்றேன், நீ செய்."

மூணு ஞாயித்துக்கிழமை வந்துச்சு சார். பொண்ணு மோனிஷாவைப் பெரியம்மாகிட்ட விட்டுட்டு, காலையில பஸ் ஏறி வந்து, என் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கும். டிபன் டப்பாவுல புளிசோறு இருக்கும். நான் செய்வேன், அது பார்த்துட்டே இருக்கும்.

"இவ்ளோ சுத்தமா இருக்காதுடா. அடுப்புக் குழாய் வெளிய வர்ற எடத்துல சுத்தி கருப்பா இருக்கும்னு சொன்னாரு. மண்ணெண்ணெய்ப் புகை. பனியெல்லாம் கரி."

கரியைப் போட்டேன்.

"டின்னு அடுக்கியிருப்பாங்க. காத்து அடிக்கற பக்கம் தோண்டி வெச்ச மாதிரி குழியா இருக்குமாம். மறு பக்கம் வாலு மாதிரி நீட்டமா பனி சேர்ந்திருக்குமாம். நீ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெச்சிருக்க."

மாத்தினேன்.

"கால் தடம் மெத்துன்னு இருக்காது. காலையில பார்த்தா ஓரமெல்லாம் ஒடைஞ்ச தட்டு மாதிரி இருக்கும்னாரு. கைய வெச்சா கிழிக்கும்."

கடைசியில கொஞ்சம் வெக்கப்பட்டுட்டு, "கதவாண்ட அங்கங்க மஞ்சளா இருக்கும்டா. குளிர்ல தூரப் போக மாட்டாங்களாம். அதைச் சொல்லிச் சொல்லி சிரிப்பாரு"ன்னுச்சு. அதையும் போட்டேன்.

எட்டு வருஷமா எனக்கு வராத பனி, சார், மூணு ஞாயித்துக்கிழமையில வந்துச்சு. நான் பனியை வெள்ளையாக்கப் பார்த்துட்டு இருந்திருக்கேன். அதை அழுக்காக்கினதும் நிஜமாயிடுச்சு. அக்கா பக்கத்துல இருக்கறதையே மறந்துட்டு, நான் பாட்டுக்கு அந்த நீல நிழலைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்துட்டு இருந்தேன். அவ்ளோ சந்தோஷம்.

போஸ்ட்டுக்குப் போற வழியில கம்பம் நட்டிருப்பாங்களாம். பனி மூடிட்டா வழி தெரியணும்ல. கடைசிக் கம்பம் சாஞ்சிருக்கும், அதுல மாமா ஒரு மஞ்சப்பையைக் கட்டியிருந்தாரு. மோனிஷாவுக்குக் காது குத்தினப்போ எல்லாருக்கும் தாம்பூலம் குடுத்தோம்ல, அந்தப் பை. முறுக்கு கட்டிக் குடுத்து அனுப்பியிருந்துச்சு அக்கா. முறுக்கு தீர்ந்ததும் பையைக் கம்பத்துல கட்டிட்டாரு. மஞ்சள் தூரத்துலேர்ந்தே தெரியும்னு. "உம் பொண்ணு பேரைப் பார்த்துத்தான் நாங்க எல்லாரும் வீட்டுக்கு வர்றோம்"னு போன்ல சொன்னாராம். அதே மாதிரி பை ஒண்ணு அக்காகிட்ட மிச்சம் இருந்துச்சு. கொண்டாந்து குடுத்துச்சு. நான் ஸ்கேன் பண்ணி, காத்துல படபடன்னு அடிக்கற மாதிரி கட்டி விட்டேன். 'செல்வி மோனிஷா காதணி விழா'. எழுத்து தெரியும்.

எல்லாம் முடிஞ்சு முழுப் படத்தையும் காட்டினப்போ அக்கா கதவைத் தொட்டுக் காட்டுச்சு.

"இதுக்குள்ளதான் படுத்திருப்பாரா?"

"ஆமாக்கா."

"இதைத் தொறக்க முடியுமாடா?"

"உள்ள ஒண்ணும் இல்லக்கா. வெறும் பொட்டி. வெளியில இருந்து பார்க்கறதுக்கு மட்டும்தான்."

சரின்னு தலையை ஆட்டுச்சு. உள்ளயும் செஞ்சு குடுத்திருக்கலாம். ஒரு ரெண்டு நாள் வேலை. அக்காவும் கேக்கல, நானும் சொல்லல. பெருசா பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணிக் குடுத்தேன். மாமா போட்டோ பக்கத்துல மாட்டி, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பூச்சரமா போட்டுச்சு. யார் வந்தாலும் காட்டும். "எந் தம்பி செஞ்சான். அவரு இங்கதான் இருக்காரு"ன்னு.

அத்தோட விட்டிருக்கணும் சார் நான்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு படம் வந்துச்சு. பெரிய படம். ஒரு டூயட்டு, பனியில. வெளிநாடு போறதா இருந்தாங்க, கதாநாயகிக்கு தேதி இல்ல. பூந்தமல்லியில ஒரு ஷெட்டுல பச்சைத் துணி கட்டி, ஃபேனைப் போட்டு எடுத்துட்டு வந்துட்டாங்க. பதினொரு நாள்ல பனி வேணும். ஆல்பர்ட் சாருக்கு அந்தப் படம் வராட்டி கம்பெனியை மூடணும்ங்கற நெலமை. நான் புதுசா ஒண்ணு செஞ்சு காட்டினேன். டைரக்டர் பார்த்துட்டு, "பஞ்சு மாதிரி இருக்கே"ன்னாரு.

அன்னிக்கு மத்தியானம், அக்காவுக்காகச் செஞ்ச அந்த சீனைக் கம்ப்யூட்டர்ல தொறந்தேன்.

என் வேலைதானே சார் அது. ஒவ்வொரு கல்லும் நான் வெச்சது. பனிக்கு யாரு சொந்தக்காரன்? அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். இன்னமும் ஒரு பக்கம் அப்படித்தான் தோணுது, மறைக்கல. போஸ்ட்டைத் தூக்கிட்டு அதே இடத்துல ஒரு மரவீடு வெச்சேன். டின்னை எடுத்தேன், கரியை எடுத்தேன், மஞ்சளை எடுத்தேன். கதவு மட்டும் அதே கதவு. நேரமில்ல. டைரக்டர் எழுந்து நின்னுட்டாரு. "இதான் பனி"ன்னு என் தோளைத் தட்டினாரு. பத்து வருஷத்துல என் தோளை யாரும் தட்டினதில்ல.

கம்பத்துல மஞ்சத்துணி இருந்துச்சு. "அதை எடுத்துடறேன் சார்"னேன். "ஏன்? அந்த மஞ்சள்தான் கண்ணைப் புடிக்குது. பெருசாக்குங்க. பொண்ணு ஷூட்டிங்ல ஒரு பச்சைத் துணியைப் புடிச்சுட்டுத்தான் சுத்துறா, கைக்குச் சரியா வரும்"னாரு. நான் ஒரு தடவை சொன்னேன், அவரு வேணாம்னுட்டாரு. திரும்பச் சொல்லல. பெருசாக்கச் சொன்னாரு, ஆக்கினேன்.

எழுத்தை அழிச்சுட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன், எப்படியோ மிச்சமாயிடுச்சுன்னு. அது பொய் சார். அழிச்சுப் பார்த்தேன். அழிச்சா பெயின்ட் அடிச்ச துணி மாதிரி இருந்துச்சு. எழுத்து இருந்தாத்தான் துணி நிஜமாத் தெரிஞ்சுது. அதனால விட்டுட்டேன். ரெண்டு செகண்டு, யாரு படிக்கப் போறான்னு விட்டுட்டேன்.

பாட்டு பெரிய ஹிட்டு. படம் வந்த வாரம் நான் குடியாத்தம் போயி டிக்கெட் எடுத்து அக்காவையும் மோனிஷாவையும் கூட்டிட்டுப் போனேன். மாமா போனதுலேர்ந்து அக்கா தியேட்டர் பக்கமே போனதில்ல. வரலைன்னுச்சு. நான்தான் வற்புறுத்தினேன். "கடைசியில எம் பேரு வருதுக்கா, பார்க்க மாட்டியா"ன்னேன். "அப்படின்னா வர்றேன்"னு புடவை மாத்திட்டு வந்துச்சு.

ஏன் கூட்டிட்டுப் போனேன்னு நீங்க கேக்கறது புரியுது. மறந்துட்டேன்னு சொன்னா நம்புவீங்களா? பொய் சொல்லல, அந்த இடம் அக்காவோடதுங்கறதே எனக்குள்ள போயிடுச்சு. என் பனி, என் பாட்டு, எம் பேரு. அவ்ளோதான் இருந்துச்சு.

இடைவேளைக்கு அப்புறம் பாட்டு. தியேட்டர்ல விசில் பறக்குது. நான் அக்கா மூஞ்சியைத்தான் பார்த்துட்டு இருந்தேன், ஆச்சரியப்படுதான்னு. முதல்ல சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் அந்தச் சாஞ்ச கம்பம் வந்துச்சு. கதாநாயகி ஒரு கையால துணியைப் புடிச்சுட்டு ஒரு சுத்து சுத்துறா. மோனிஷாவுக்கு அப்போ பன்னெண்டு வயசு. மெதுவாத்தான் சொன்னா.

"அம்மா, எம் பேரு."

அக்கா கைப்பிடியில இருந்த கையை எடுத்து மடியில வெச்சுக்கிச்சு. பாட்டு ஓடுது. ரெண்டு பேரும் பனியை அள்ளி அடிச்சுக்கறாங்க, உருள்றாங்க. மாமா மேல மூடினதும் அந்தப் பனிதானே சார். அது எனக்கு அப்பத்தான் உறைச்சுது. செஞ்சு, திருத்தி, குடுத்து, கைத்தட்டு வாங்கி, எல்லாம் முடிஞ்சப்புறம், அந்த சீட்டுல உக்காந்துதான் உறைச்சுது. கடைசியில கதாநாயகன் ஓடிப் போயி அந்தக் கதவைத் தொறக்கறான். உள்ள கட்டிலு, கம்பளி, ஓரமா நெருப்பு எரியுது. அதுவும் நான் செஞ்சதுதான்.

போயிடலாம்க்கான்னேன். வரல. படம் முழுக்கப் பார்த்துச்சு. படம் முடிஞ்சு எல்லாரும் எழுந்துட்டாங்க, பேருங்க ஓடுது. எங்க பேரெல்லாம் ரொம்பக் கடைசியில, பொடி எழுத்துல வரும். ஒருத்தன் தொடப்பத்தோட பெருக்க வந்துட்டான். அக்கா எழுந்துக்கல. ஒவ்வொரு வரியா படிச்சுட்டு இருந்துச்சு. எம் பேரு வந்ததும் விரலை நீட்டிக் காட்டுச்சு.

"வந்துடுச்சு. போலாமா?"

டவுன் பஸ்ல மோனிஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் என்னென்னவோ பேசிட்டு வந்தேன். நேரமில்லக்கா, டைரக்டர் கேக்கலக்கா, அது வேற மலைக்கா. அக்கா ஊரு வர்ற வரைக்கும் கேட்டுச்சு. இறங்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு. கோவமே இல்ல குரல்ல.

"நான் கேட்டப்போ உள்ள ஒண்ணும் இல்லன்னியே குபேந்தி."

நாலு நாள் கழிச்சு ஆபீசுக்கு ஒரு பார்சல் வந்துச்சு. பழைய செய்தித்தாள் சுத்தின ஃப்ரேம். கடுதாசி எதுவும் இல்ல. கண்ணாடியில குங்குமம் வெச்ச தடம் மட்டும் இருந்துச்சு. பசங்க என்னண்ணேன்னு கேட்டாங்க. பழைய வேலைன்னு சொல்லி பீரோவுக்குப் பின்னால சொருகி வெச்சேன்.

அந்தப் பாட்டு வேலைக்கு எனக்கு ஒரு விருது குடுத்தாங்க. ஒரு சேனல்ல பேட்டி எடுத்தாங்க. "இவ்ளோ தத்ரூபமா எப்படிப் பண்ணினீங்க, காஷ்மீர் போனீங்களா"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. "நிறைய ஆராய்ச்சி பண்ணினோம்"னேன். மூணு ஞாயித்துக்கிழமை, புளிசோறு, அதைச் சொல்லல. மாமா பேரைச் சொல்லல. ஒரு வார்த்தை, சார். 'எங்க மாமா சொன்னது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? அது ஊருல எல்லாரு போன்லயும் வந்திருக்கும். அக்காவும் பார்த்திருக்கும்.

மூணு வருஷம் நான் ஊருக்கே போகல. பெரியப்பா எழுபது கல்யாணத்துக்குப் போகல. வேலைன்னு சொல்லிட்டேன்.

முந்தாநாள் மோனிஷா கூப்புட்டா. பத்தாவது படிக்குது இப்ப. குரலே மாறிப் போயிருக்கு, யாருன்னு எனக்குத் தெரியல.

"மாமா, அப்பா கிடைச்சுட்டாரு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் எடுக்கறாங்க. அம்மா உங்களை வரச் சொல்லல. நான்தான் சொல்றேன்."

நான் வேலையை விட்டுட்டு எழுந்து வெளிய வந்தேன்.

"அப்பாவோட ஆபீசரு அம்மாகிட்ட போட்டோ காட்டினாரு மாமா, கிடைச்ச எடத்தை. அங்க பனியே இல்ல. வெறும் கருங்கல்லு, சேறு. நீங்க செஞ்ச மாதிரி இல்லவே இல்ல."

நான் என்ன கேட்டேன் தெரியுமா சார் அந்தப் பொண்ணுகிட்ட? அப்பா பொணம் கிடைச்சிருக்குன்னு சொல்ற கொழந்தைகிட்ட? "எந்த மாசம் எடுத்த போட்டோம்மா?"ன்னு கேட்டேன்.

அவ "ஆகஸ்ட்டு"ன்னு சொல்லி போனை வெச்சுட்டா.

ஆகஸ்ட்டுன்னா உருகியிருக்கும், அதான். இப்பக்கூடச் சொல்றேன் பாருங்க. நான் செஞ்சது ஜனவரி. ஜனவரியில அது அப்படித்தான் இருக்கும். அந்தப் பொண்ணு என்னைக் குத்திக்காட்டிச் சொன்னாளா, இல்ல அம்மா நெனச்சுட்டு இருந்த எடம் அது இல்லைங்கற வருத்தத்தைச் சொன்னாளான்னு ரெண்டு நாளா யோசிக்கறேன். யோசிச்சா மறுபடி ஜனவரி, ஆகஸ்ட்டுலதான் வந்து நிக்குது மனசு. எனக்கு எங்கயோ என்னவோ கெட்டுப் போச்சு சார்.

போயி என்ன சொல்லப் போறேன்னா? தெரியல. மாலை போடணும். எல்லாரும் போடுவாங்க, அந்தக் கூட்டத்துல நானும் போட்டுட்டு ஓரமா நின்னுக்கலாம். துப்பாக்கி மரியாதை இருக்குமாம், அந்தச் சத்தத்துல யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்க. அக்கா என்னைப் பார்த்து ஒரு திட்டு திட்டிட்டா போதும். திட்டாது. காபி குடிச்சியாடான்னு கேட்டாலும் கேக்கும், அதுதான் பயம். கேட்டா, பேட்டியில சொல்லாததை அங்க வெச்சாவது சொல்லணும்னு பார்க்கறேன். எல்லாரும் இருக்கறப்போ. மாமா சொன்னாரு, அக்கா சொல்லுச்சு, நான் செஞ்சேன், அப்புறம் எடுத்து வித்துட்டேன்னு. இங்க உங்ககிட்ட சொல்ல வருது. அங்க வருமான்னு தெரியல.

பள்ளிகொண்டா டோல்கேட்டு வந்துடுச்சு. இன்னும் அரை மணி நேரம்தான். ரொம்பப் பேசிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

எந்தப் படமா? வேணாம் சார், கேக்காதீங்க. பேரைச் சொன்னா போன்ல தேடிப் பார்ப்பீங்க. பார்த்தா உங்களுக்குப் பிடிச்சுடும்.